டிக்கெட் காசை மறந்துவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேசுவான், ஆனால் குறைவாக. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வான். கோவில் திருவிழாவில் மேளம் கேட்டால் கையை உதறிக்கொண்டு ஓடுவான். ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்தால் இறங்கவே மாட்டான். ராட்டினத்தில் எத்தனை சுற்று சுற்றினாலும் தலை சுற்றாது. மகளுக்கு 11 வயது. அவள் ஆசைப்பட்டாளே என்று போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போனோம். அங்கே வாங்கிய நைலான் உடையைப் போட்டதுமே பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தான். பாட்டுப் போட்டு செயற்கை மழையில் ஆடவிடும் ரெயின் டான்ஸ் பக்கம் போனதும் தரையில் படுத்து அலறினான். சிலர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். உள்ளே போன 40 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மகள் வழியெல்லாம் அழுதாள். கணவர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அரையாண்டு லீவில் மறுபடி போகலாமா என்று மகள் கேட்கிறாள். மாமியாரும் வருவார். போகலாமா, இல்லை இவனுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?
– ஒரு தாய், தாம்பரம்

பதில்: போகலாம் அம்மா. அரையாண்டு லீவில் மட்டும் வேண்டாம். டிசம்பர் கடைசி வாரத்தில் தீம் பார்க் என்பது தேர்த் திருவிழா மாதிரி. பொங்கல் கழித்து, பள்ளிகள் நடக்கிற ஒரு புதன் அல்லது வியாழனைப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் இன்னொரு சிக்கல் உண்டு: பள்ளிகள் டூர் கிளம்புகிற மாதங்கள் அவை. வார நாள் என்று நம்பிப் போனால் 20 பஸ் நிறையப் பிள்ளைகள் விசில் அடித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஆகவே முன்கூட்டியே போன் செய்து, "அன்றைக்கு எத்தனை ஸ்கூல் புக்கிங் இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்களிடம் அந்தக் கணக்கு இருக்கும். குறைவாக இருக்கிற நாளைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், தவறே இல்லை.

போன மே மாதத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்தால் ரெயின் டான்ஸ்தான் எல்லாவற்றையும் கெடுத்தது போலத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்கும் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். மே மாத வெயில். ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக். டிக்கெட் வரிசையில் முன்னும் பின்னும் இடிக்கிற ஆட்கள். பையைத் திறந்து பார்க்கிற செக்யூரிட்டி. மணிக்கட்டில் ஒட்டிய காகிதப் பட்டை. உடை மாற்றும் அறையின் ஈரத் தரை, குளோரின் வாசனை, கதவுகள் அறைபடுகிற சத்தம். அப்புறம் உடம்பில் ஒட்டுகிற நைலான். இத்தனையையும் தாங்கிக்கொண்டுதான் அவன் ரெயின் டான்ஸ் வரைக்கும் நடந்து வந்திருக்கிறான். 40 நிமிடம்தான் இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கூட்டிப் பார்த்தால் அவன் மூன்று மணி நேரம் தாக்குப் பிடித்திருக்கிறான்.

அடுத்தது நீங்களே எழுதியிருக்கிற விஷயம். மேளத்துக்கு ஓடுகிறவன் ஊஞ்சலில் இருந்து இறங்க மறுக்கிறான். பல பெற்றோருக்கு இது புதிராக இருக்கும். "ராட்டினத்துக்குப் பயப்படாதவன் மிக்ஸிக்கு ஏன் பயப்படணும்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையாளர்) 1970களில் இதை விரிவாக எழுதி வைத்தார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தோடு நிறுத்தாமல், உடம்பின் அசைவையும் சமநிலையையும் சொல்லும் உட்காதுப் புலன், தசையும் மூட்டும் அனுப்பும் அழுத்தப் புலன் இவற்றையும் சேர்த்துத்தான் இந்தச் சிகிச்சையில் இருக்கும் நாங்கள் கணக்கு வைக்கிறோம். ஒரே பிள்ளைக்கு ஒரு புலன் வழியாக வருவது தாங்க முடியாமல் இருக்கும். இன்னொன்றின் வழியாக வருவது எவ்வளவு வந்தாலும் போதாது. உங்கள் மகனுக்குக் காதும் தோலும் முதல் வகை. அசைவு இரண்டாம் வகை. தீம் பார்க்கில் அவனுக்குப் பிடிக்காததும் இருக்கிறது, வேறெங்கும் கிடைக்காத அளவுக்குப் பிடித்ததும் இருக்கிறது. விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் செசமி பிளேஸ் என்று ஒரு பார்க் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது என்று சான்றிதழ் வாங்கிய முதல் தீம் பார்க் அதுதான், 2018இல். அங்கே ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். தொடுதல், சுவை, சத்தம், வாசனை, காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். சத்தத்துக்கு 9 என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் 2010இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் இன்னும் ஒரு படி மேலே. மாற்றுத்திறன் உள்ள தன் மகளோடு நீச்சல் குளத்தில் விளையாடத் தயங்கி மற்ற பிள்ளைகள் விலகிப் போனதைப் பார்த்த ஓர் அப்பா தொடங்கியது அது. மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். அந்த அட்டவணையை மட்டும் இரவல் வாங்கிக்கொள்வோம்.

நீங்கள் போகப்போகும் பார்க்கின் ரைடுகள் எல்லாமே யூடியூபில் கிடக்கும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும் என்று நினைக்கிறேன். செசமி பிளேஸ்காரர்களின் தலைப்புகள் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் மகனுக்குத் தேவையான தலைப்புகள் என் கணக்கில் இவை: சத்தம், முகத்தில் தண்ணீர் அடிக்குமா, இருட்டு, சுழற்சி, காத்திருக்கும் நேரம். கொலம்பஸ் கப்பல் முன்னும் பின்னுமாக ஆடும், பெரிய ஊஞ்சல்தான் அது. அவனுக்கு அதுவே அன்றைய நாளின் ராஜாவாக இருக்கலாம். டேஷிங் கார் இடிக்கும், சிலருக்கு அந்த இடி பிடிக்கும், ஆனால் இரும்புக் கூரைக்கு அடியில் சத்தம் மோசம். பேய் வீட்டை யோசிக்காமல் அடித்துவிடுங்கள். அலைக்குளத்தில் அலை வருவதற்கு முன் சைரன் ஊதுவார்கள், பல இடங்களில். சைரன் ஊதும்போது பத்தடி தள்ளி நின்றால் போதும், அலை அவனுக்குப் பிடித்துப் போகலாம். மெதுவாக ஓடும் செயற்கை ஓடையான லேசி ரிவரில் டியூபில் மிதப்பது நல்ல இளைப்பாறல். உயரக் கட்டுப்பாடு பல ரைடுகளுக்கு உண்டு. வீட்டுச் சுவரில் அவன் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு ஊழியர் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அதை விளக்கிச் சொல்லிப் புரியவைக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது.

இந்த நோட்டில் இருந்து அவனுக்கு நாலே நாலு படம் எடுத்து ஓர் அட்டையில் ஒட்டுங்கள்: கார், கப்பல், தயிர்சாதம், வீடு. நாலாவது படம்தான் முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாத நாள்தான் இந்தப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறது. வீட்டுப் படத்தை அவன் தொட்டால் கிளம்ப வேண்டும். "இன்னும் ஒரே ஒரு ரைடு" என்று பேரம் பேசினால் அந்த அட்டையை அவன் மறுபடி நம்ப மாட்டான்.

சுழல்கிற ரைடுகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். தலை சுற்றவில்லை என்பதால் பிரேக் டான்ஸ், டீ கப் மாதிரியானவற்றில் அவனை வரிசையாக ஏற்றத் தோன்றும், அவனும் கேட்பான். உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ரைடு நின்ற பிறகும் அதற்குள் இருக்கும் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் வெளியே தெரியாமல் போகலாம், ஆனால் நரம்பு மண்டலம் முறுக்கேறிப் போகும். விளைவு மாலையில் வரும், வீட்டில், எதற்கென்றே தெரியாத அழுகையாக, அல்லது இரவு 12 மணிக்கும் தூங்காத குதிப்பாக. சுழல்கிற ரைடு ஒன்று, நாள் முழுவதற்கும். அதற்குப் பிறகு உடனே தசைக்கு வேலை கொடுங்கள்: தண்ணீர் பாட்டில்கள் இருக்கும் பையை அவன் முதுகில் மாட்டுங்கள், தள்ளுவண்டி இருந்தால் தள்ளச் சொல்லுங்கள், தோளை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடியுங்கள். கடிக்கவும் ஏதாவது வேண்டும். முறுக்கு, கடலை மிட்டாய், ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிக்க இளநீர். தாடைக்கு வேலை கிடைத்தால் இந்தப் பிள்ளைகள் அடங்குவதை எங்கள் மையத்தில் தினமும் பார்க்கிறோம். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் சொல்வார்கள். போன் செய்யும்போதே விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். தாகமும் சிறுநீரும் அவனுக்குத் தாமதமாகத் தெரியலாம். கேட்காமலேயே அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர், ஒரு மணிக்கு ஒரு முறை பாத்ரூம். பாத்ரூமில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தால் யாராவது அதை இயக்குவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள்.

நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு எங்கள் மையத்துப் பிள்ளைகள் 11 பேரை இதே மாதிரி ஒரு பார்க்குக்கு அழைத்துப்போனேன். எந்த ரைடு, யார் யாரோடு, எத்தனை மணிக்கு என்று பக்கம் பக்கமாகத் திட்டம். பஸ் டிரைவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டேன். அவர் பாவம், பிள்ளைகள் டூர் ஆயிற்றே என்று குத்துப் பாட்டைப் போட்டு சப்-ஊஃபரை முழுதாகத் திருப்பிவிட்டார். நான் முன்னால் ஓடி நிறுத்தச் சொல்வதற்குள் ஒரு பையன் சீட்டுக்கு அடியில் போய்விட்டான். பார்க்கில் இறங்கும்போதே பாதிப் பேருக்குத் தெம்பு தீர்ந்திருந்தது. அன்றிலிருந்து நாள் வீட்டு வாசலில் தொடங்குகிறது என்றுதான் திட்டம் போடுகிறேன். காரில் பாட்டு வேண்டாம். மகள் ஹெட்போனில் கேட்கட்டும்.

காதுக்கு: தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் போடுகிற இயர் மஃப் குழந்தை அளவிலும் கிடைக்கிறது. 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டில் மிக்ஸி ஓடும்போது மட்டும் போட்டுப் பழக்குங்கள். நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள். எப்போதும் அடைத்தே வைத்தால் காது இன்னும் கூர்மையாகிவிடும். வேகமான ரைடுகளில் அதைக் கழற்றச் சொல்வார்கள், அதையும் அவனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இவ்வளவு செய்தும் அவன் தரையில் படுத்தால்? படுக்கலாம். அப்போது பேச்சைக் குறையுங்கள். "என்னடா ஆச்சு, என்ன வேணும், ஏன் அழறே" என்று மூன்று பேர் மூன்று பக்கமும் கேட்பது அந்த நேரத்தில் மேளத்தைவிட மோசமான சத்தம். ஒரே ஆள் பக்கத்தில் உட்காரட்டும். வெயில் படாமல், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், முடியாவிட்டால் ஒரு பெரிய துப்பட்டாவால் மறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அப்படி ஒரு மரத்தடியையோ முதலுதவி அறையையோ பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோ எடுப்பவர்களைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். சண்டை வேண்டாம், கேமராவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றால் போதும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் நிறைய இருக்கிறது என்று ஊகிக்கிறேன். "ஒரு அடி போட்டா சரியாயிடும்" என்று சொல்கிற பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே பாட்டிகள்தான் பேரன் மடியில் வந்து சுருண்டால் மணிக்கணக்காக அசையாமல் உட்காருவார்கள். மரத்தடிக்கு அவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். தயிர்சாதம், போர்வை, முறுக்கு எல்லாம் அவரிடம் இருக்கட்டும். பேரனுக்கு நடுவில் வந்து இளைப்பாற ஓர் இடமாயிற்று, அவருக்கும் இடுப்பொடிய நடக்கிற வேலை மிச்சம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மகள்தான். வழியெல்லாம் அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்காக விட்டுக்கொடுப்பது 11 வயதுப் பிள்ளைக்கு அன்றாட வேலையாகிவிட்டிருக்கும். இந்த ஒரு நாள் அவளுக்கு முழுதாகக் கிடைக்க வேண்டும். குடும்பமாகப் போகிறோம் என்பதற்காக ஐந்து பேரும் ஒரே கூட்டமாக நகர வேண்டியதில்லை. உள்ளே போனதும் அவளும் அப்பாவும் ஓர் அணி. ரோலர் கோஸ்டரோ ரெயின் டான்ஸோ, அவள் இஷ்டம். தம்பி வீடு திரும்ப வேண்டும் என்றால் நீங்களும் மாமியாரும் அவனோடு திரும்புங்கள், அவளும் அப்பாவும் சாயங்காலம் வரை இருக்கட்டும். இதற்குக் காரோடு ஒரு கால் டாக்ஸி செலவும் சேரும். அதை ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஐந்து பேரும் மரத்தடியில் சேர்ந்தால் அது குடும்ப நாள்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தது மகன் மேல் உள்ள கோபத்தால் இருக்காது. நாலு டிக்கெட்டின் காசு 40 நிமிடத்தில் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல் அதில் பாதி இருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் இந்தப் பிள்ளைகளை அவர்களின் எல்லையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் கிளம்பும்போதே கணவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: இவன் இரண்டு மணி நேரம் இருப்பான், கப்பலில் மூன்று தடவை ஏறுவான், அதற்குத்தான் இந்த டிக்கெட். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். அழுகை தொடங்கிய பிறகு கிளம்பினால் அவன் நினைவில் தங்குவது அந்த அழுகைதான், அடுத்த தடவை அந்த வாசலைப் பார்த்ததுமே கால் பின்வாங்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. கட்டணச் சலுகை உண்டா, வரிசையில் நிற்காமல் உள்ளே விடுவார்களா என்று போனிலேயே கேளுங்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இது விளையாட்டில்லை. கையை உதறி ஓடுகிற பிள்ளை தண்ணீரை நோக்கி ஓடலாம். தண்ணீர்ப் பக்கம் இருக்கும்வரை அவன் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், லைஃப்கார்டு இருந்தாலும். கிளம்பும் முன் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் போன் நம்பரை அவன் முன்கையில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். வலிப்பு எப்போதாவது வந்திருந்தால், மின்னி மின்னி அணைகிற விளக்குகள் உள்ள இடங்களைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

நேராகத் தீம் பார்க்கில் போய் ஒத்திகை பார்க்க வேண்டாம். தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. (செவ்வாய்க்கிழமை விடுமுறை.) காலையில் திறந்ததும் போய் ஒரே ஒரு மணி நேரம். வரிசை, டிக்கெட், பை சோதனை, தண்ணீர், மரத்தடி, நாலு பட அட்டை, கிளம்புதல் எல்லாவற்றையும் அங்கே பழகலாம். விலங்கைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. ஒரு நாள் சென்னைக்குள் வந்தால் சாந்தோம் நெடுஞ்சாலையில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் மனதில் வைத்து மாநகராட்சி அமைத்த விளையாட்டுப் பூங்காவுக்கும் போங்கள். கட்டணம் இல்லாததால் பத்து நிமிடத்தில் திரும்பினாலும் யாருக்கும் வயிறு எரியாது.

கடைசியாக அந்த நைலான் உடை. நீர் விளையாட்டுகளில் பருத்தியை அனுமதிக்க மாட்டார்கள், அதனால் தப்பிக்க வழியில்லை. ஆனால் வாசல் கடையில் வாங்கித் திடீரென்று மாட்டிவிடாமல் இப்போதே ஒன்று வாங்குங்கள். உடம்போடு இறுக்கிப் பிடிக்கிற நீச்சல் உடையாகப் பாருங்கள். தொளதொளவென்று உரசுவதைவிட ஒரே சீராக அழுத்துவதைப் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். கழுத்துப் பக்க லேபிளைத் தையல் நூல் மிச்சமில்லாமல் பிரித்தெடுத்துவிட்டு நாலைந்து தடவை துவையுங்கள். முதல் வாரம் வீட்டில் ஊஞ்சல் ஆடும்போது ஐந்து நிமிடம் போடட்டும், ஈரமில்லாமல். அடுத்த வாரம் அதோடு குளிக்கட்டும், சொம்பால் அவனே ஊற்றிக்கொள்ளட்டும். மூன்றாவது வாரம் அக்காவும் அவளுடைய உடையைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு பக்கெட் தண்ணீரோடு இறங்கலாம். அன்றைக்கும் பிய்த்துக்கொண்டான் என்றால் தண்ணீர் ரைடுகளை நோட்டில் இருந்து அடித்துவிடுங்கள். கப்பலுக்குப் பருத்திச் சட்டை போதும்.